எண்கள் எதையும் நான் தொடவில்லை

“சனிக்கெழம என்ன கொழம்பு வெக்கட்டுங்க?”

“எதுனா வை ஆக்சி.”

“எதுனான்னு கேட்டா சந்தையில குடுக்க மாட்டாங்க.”

“தக்காளி மட்டும் வேணாம் தாயி. இங்க காலையில தக்காளிச் சட்னி, மத்தியானம் தக்காளிச் சோறு. என் மூஞ்சே செவந்து போச்சு.”

ஆக்சி என்கிற நானும் என் கணவர் கஸ்பாரும் போனில் பேசிக்கொண்டது பெரும்பாலும் இப்படித்தான். நான் கேட்க நினைத்தது குழம்பைப் பற்றி அல்ல. அது கடைசியில் வரும்.

விசாரணை அதிகாரி ஐயா, தருமபுரியில் உள்ள ஆராய்ச்சி நிறுவனத்தில் நான் புள்ளியியல் வேலை பார்க்கிறேன். அவர் அதே நிறுவனத்தின் களப்பணியாளர். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிள்ளைகளுக்கு முட்டி வலித்தது, கால் வளைந்தது. பள்ளியின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் காரணமா, வீட்டுச் சாப்பாட்டில் சத்துக் குறைவு காரணமா என்று கண்டுபிடிக்க வேண்டும். கல்யாணமாகி நாலாவது மாதம் அவர் அங்கேயே அறை எடுத்துத் தங்கினார். சனிக்கிழமை சாயங்காலம் வருவார். ஞாயிறு பூசை முடிந்ததும் கிளம்பிவிடுவார். வந்தாலும் பூவிழி பேச்சுதான். அந்த ஊரின் எட்டு வயதுப் பிள்ளை. அவர் வண்டிச் சத்தம் கேட்டால் சாய்ந்து சாய்ந்து ஓடி வருவாளாம்.

தண்ணீர்தான் காரணம் என்று முடிவு வந்தால் தண்ணீரைச் சோதித்துக்கொண்டு அவர் இன்னும் மூன்று வருடம் அங்கே இருக்க வேண்டும். சாப்பாடு என்று வந்தால் ஆராய்ச்சி முடிந்தது. அவர் வீட்டுக்கு வந்துவிடுவார்.

எங்கள் தரவில், எலும்பைக் கெடுக்கும் ஃபுளோரைடு தண்ணீரில் இருக்கும் அளவுக்கு வி-7 என்று பெயர். சாப்பாட்டுக் குறைவுக்கு வி-8. சூத்திரத்தில் இப்படியே இருந்தால் டாக்டர்களுக்குப் புரியாது. அதனால் ஒவ்வொரு சூத்திரத்துக்குள்ளும் போய், சுருக்கப் பெயரை எடுத்துவிட்டு முழுப் பெயரை வைக்கும் சின்னக் கணினி நிரல் ஒன்றை எழுதியிருந்தேன். எந்தப் பெயருக்குப் பதில் எது என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் இந்த இரண்டின் முழுப் பெயர்களை இடம் மாற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எண்கள் எதையும் நான் தொடவில்லை. அறிக்கையில் உள்ள ஒவ்வொரு எண்ணும் இன்றைக்கும் சரியானதுதான்.

தண்ணீரின் குற்றம் சாப்பாட்டின் பெயரில் அச்சானது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கஸ்பார் மட்டும் ஒருமுறை கேட்டார்.

“சரியாப் பாத்தியா ஆக்சி?”

“நம்பர் பொய் சொல்லுங்களா?” என்றேன். அவர் வீட்டுக்கு வந்தார்.

அறிக்கையை நம்பி, பள்ளியில் தினமும் பிள்ளைக்கு இரண்டு கடலை மிட்டாய் கொடுத்தார்கள். நல்ல மிட்டாய்தான், சத்துள்ளது. தின்றால் தாகம் எடுக்கும். பிள்ளைகள் குழாயடிக்குப் போவார்கள். அந்தக் கிணற்றை நான் தோண்டவில்லை என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வருடம் நாங்கள் நன்றாக இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவர் கேனில் நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டு மாரண்டஹள்ளி பக்கம் போய் வருவார். ஒரு கேன் எத்தனை பேருக்குக் காணும்? பூவிழி இப்போது ஓடி வருவதில்லை, சுவரோரம் உட்கார்ந்தபடி கை ஆட்டுகிறாள் என்றார். நான் தோசை திருப்பிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டேன்.

போன மாதம் புதிதாக வேலையில் சேர்ந்த பாரதி என் நிரலை ஓட்டிப் பார்த்தாள். “அக்கா, ரெண்டு பேரு மாறிக் கெடக்குதுங்க. உங்களுக்குப் போயி இப்படியா!” என்று அவளே வருத்தப்பட்டாள். கைத்தவறு என்று எழுதிக்கொடுத்தால் போதும் என்றார் இயக்குநர். இந்த வேலையில் எல்லோருக்கும் நடக்கிற தவறுதான் அது. நான் அதை மனதில் வைத்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். கைத்தவறு அல்ல.

நான் கெட்டவள் இல்லை, ஐயா. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினேன்.

இன்று காலை அவர் அந்தக் கிராமத்துக்கே போய்விட்டார். பேருந்து நிலையம் வரை நானும் போனேன். “தெரியாம நடந்துச்சு. உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அழுவாத,” என்று என் தோளைத் தட்டினார். தெரிந்துதான் செய்தேன் என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

“எதுக்கு ஆக்சி?”

கல்யாணமான நாலாவது மாதத்திலிருந்து தொண்டையில் வைத்திருந்ததை அப்போதுதான் வாய்விட்டுக் கேட்டேன்.

“போவாதீங்க. அந்தப் புள்ளைங்கள உட்டுட்டு என்கூட இருங்க.”