ஹால் நடுவுல ஒரு டைல்ஸ்

அந்தப் பக்கம் கால வைக்காதீங்கக்கா, இன்னும் காயல. அப்படியே செவுரோரமா வந்து இந்தக் கட்டில்ல குந்துங்க. காட்டுமன்னார்கோயில்லேருந்து டவுன் பஸ்ல நின்னுக்கிட்டே வந்தீங்களா? மொதல்ல தண்ணி குடிங்க.

ஆமாக்கா, நானேதான் ஒட்டுறேன். எங்கூட்டுக்காரு கடலூர்ல வேலை, ஞாயித்துக்கெழமதான் வருவாரு. அதுவரைக்கும் நானும் புள்ளையும் எங்கப்பா வீட்டுலதான். இதுல பெரிய வித்தையெல்லாம் ஒண்ணுமில்ல, போன்ல பாத்துக் கத்துக்கிட்டேன். ஒடஞ்ச டைல்ஸ சுத்தி ஜாயின்ட்ட சொரண்டி எடுத்துடணும். அப்புறம் நடுவுல உளிய வச்சு ஒடைக்கணும். ஓரத்துல நெம்புனா பக்கத்துல இருக்கறதும் சேந்து பேந்துடும். பழைய சிமெண்ட்ட செதுக்கி, தூசியத் தொடச்சு, பல்லு வச்ச கரண்டியால பசைய முழுசா இழுத்துவிடணும். முழுசா, அதான் முக்கியம்... ஏய் கயலு, அங்க போகாதன்னு சொன்னேன்ல!

பாருங்க, நீங்க ஒண்ணு விசாரிக்க வந்தா நான் பாட்டுக்கு டைல்ஸ் கத பேசிக்கிட்டு கெடக்கேன். சிலம்பரசனத்தான கேக்குறீங்க, உங்க பொண்ணுக்கு? பையன் மூக்கும் முழியுமா லட்சணமா இருப்பான். குடி கெடையாது. பெரியவங்களக் கண்டா வண்டிய நிறுத்தி எறங்கிதான் பேசுவான். தொழில்லயும் சிதம்பரத்துல நல்ல பேரு. ஏன், இந்த ஹாலே அவன் ஒட்டுனதுதான்.

ஆமா, நான் பேத்துப் போட்டேனே, அதெல்லாமே.

ஐயையோ, கொற சொல்லலக்கா. ஒட்டுனப்ப கண்ணாடி மாதிரி இருந்துச்சு. வந்தவங்க எல்லாம் யாரு கொத்தனாருன்னு கேட்டாங்க. ஆனா அடியில பசைய பரப்பல. நாலு மூலைக்கு நாலு பொட்டு, நடுவுல ஒரு பொட்டு, மேல டைல்ஸ வச்சுத் தட்டிவிட்டுட்டான். அன்னிக்கு யாரு கண்ணுக்குத் தெரியும்? கேஸ் சிலிண்டர எறக்கி வச்சப்ப ஒண்ணு விரிஞ்சுது. அப்புறம் ஒண்ணொண்ணா. தவழ்ந்து போன புள்ளைக்கு முட்டி கிழிஞ்சுது, பாருங்க தழும்ப.

கூட நின்னு பாக்கலயான்னா, பாக்கலக்கா. எங்கப்பா வேலையாளு கரண்டியக் கீழ வச்சாலே ஏன் வச்சன்னு கேக்குற ஆளு. அவரே வாசல்ல போய் நின்னுக்கிட்டாரு. டீயும் வடையுமா வாங்கிக் குடுத்தாரு. ஊட்டு மாப்ளயாகப் போற பையன் தலைமாட்டுல நின்னு எப்படிக்கா வேல வாங்குறது?

ஆமாக்கா. எந் தங்கச்சி இலக்கியாவுக்குப் பேசுன பையன். அவளுக்கு நிச்சயம் பண்ணத்தான் இந்த ஹாலுக்கு டைல்ஸே போட்டோம். பத்திரிகை அடிச்சு கொலதெய்வத்துக்குப் படைச்சுட்டு வந்து உக்காந்தோம், போன் வந்துச்சு. வேற பெரிய எடம் வந்துடுச்சாம். அதையும் அவன் பேசல, அவங்க மாமாவ விட்டுச் சொன்னான். இலக்கியா நடு ஹால்ல பத்திரிகைக் கட்ட மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா பாருங்க, அத நான் மறக்க மாட்டேன். அந்தப் பெரிய எடமும் அவனுக்குக் கூடி வரல, அது வேற சங்கதி.

இருங்கக்கா, ஏன் எந்திரிக்கிறீங்க? எந்திரிச்சதுதான் எந்திரிச்சீங்க, அந்த டிவிக்கு முன்னால, நடு ஹால்ல அவன் ஒட்டுன டைல்ஸ வெரல மடக்கித் தட்டுங்க. கேட்டுச்சா, காலி டப்பா மாதிரி? இப்ப பக்கத்துல தட்டுங்க, அது நான் ஒட்டுனது. போன மாசம் வடலூர்லேருந்து வந்தவங்களும் இப்படித்தான் குனிஞ்சு தட்டிப் பாத்தாங்க. காபி கூடக் குடிக்காமப் போயிட்டாங்க, நீங்க குடிச்சுட்டுத்தான் போவணும். டைல்ஸ் கடைக்காரருதான எங்க வீட்டக் கை காட்டுனாரு? நாந்தான் சொல்லி வச்சிருக்கேன், யாரு விசாரிச்சாலும் இங்க அனுப்புங்கன்னு.

எல்லாத்தையும் மாத்திட்டு அத மட்டும் ஏன்க்கா வச்சிருக்கன்னு இலக்கியாவும் கேக்குறா. இருக்கட்டும்டி, அவனுக்கு இன்னும் பொண்ணு பாத்துக்கிட்டுத்தான இருக்காங்கன்னு சொல்லிட்டேன்.