வெண்டல் நின்ற மூலை

வீட்டில் புதிதாக பீர் காய்ச்சுகிறவர்கள் பம்பை உயரத்தில் மாட்டிவிட்டு, அது ஏன் இழுக்கவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பார்கள். பம்பு அண்டாவுக்குக் கீழே, தரையோடு இருக்க வேண்டும். அப்போதுதான் திரவம் தானாக இறங்கி அதை நிறைக்கும். விஸ்கான்சினில் தெருவுக்கு ஒருவராவது கராஜில் எதையாவது காய்ச்சிக்கொண்டிருப்பதால், உங்களுக்கும் இது தெரிந்திருக்கலாம், மேடம். காபிக்கு நன்றி.

வெண்டலுக்கு இதெல்லாம் தெரியாது. என் மகள் கோரினைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்தபோது, அவனுக்கு பீரைக் குடிக்க மட்டும்தான் தெரியும். நல்ல பையன். வந்த முதல் குளிர்காலத்தில் நான் எழுவதற்கு முன்பே வாசல் பனியைத் தள்ளிவிடுவான். அவன்மீது எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. இதை நீங்கள் முதலில் நம்ப வேண்டும்.

போன இலையுதிர் காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, மூவரும் வறுத்த மீன் சாப்பிடப் போயிருந்தபோது, தெற்கே தூரத்தில், பீனிக்ஸ் நகரத்தில் வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னான். வசந்தம் வந்ததும் போக வேண்டுமாம்.

"அங்க பனியே கிடையாதாம்பா," என்றாள் கோரின். அவள் அம்மா போனபிறகு அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

நல்லது என்றேன். போவதற்குள் கராஜில் பீர் காய்ச்ச ஒரு செட்டப் கட்டிவிடலாம், எனக்கும் பொழுது போகும் என்றேன். வெண்டல் குதித்துக்கொண்டு வந்தான்.

குளிர்காலம் முழுக்கத் திட்டம் போட்டோம். மூன்று எவர்சில்வர் அண்டாக்கள். ஒன்றில் வெந்நீர், ஒன்றில் மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி, ஊறும், மூன்றாவதில் அந்தச் சாறு கொதிக்கும். கீழே இரண்டு பம்பு. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஹோஸ்.

"மாமா, இது பீர் காய்ச்சவா, நிலாவுக்குப் போகவா?"

"ரெண்டும் ஒண்ணுதான். கசிஞ்சா செத்தோம்," என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

திருகிப் பூட்டுகிற இணைப்புகள் வாங்கலாம் என்று அவன் சொன்னான். வேண்டாம், ஹோஸைச் செருகி, இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப் போட்டால் போதும் என்றேன். கொதிக்கிற அண்டாவை மூலையில் வைத்தேன். அதற்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கலாம். பம்பின் சுவிட்சைக் கதவுப் பக்கம், என் கைக்கு எட்டுகிற இடத்தில் பொருத்தினேன்.

"இங்க நின்னா வெளிய வர வழியே இல்லையே மாமா."

"வெளிய வந்து என்ன கிழிக்கப் போற? வால்வப் பாரு."

ஆனால் நான் அவசரப்படவில்லை. வேண்டுமென்றே தப்பான அளவில் ஹோஸ் வாங்கினேன். நன்றாக இருந்த வெல்டிங்கை வெட்டி மறுபடி வைத்தேன். வேலை பாதியில் கிடந்தால் யாரும் ஊரைவிட்டுப் போகமாட்டார்கள் என்று நினைத்தேன். கோரின் தினமும் சீஸ் வறுத்து எடுத்துவந்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு எங்களோடு உட்கார்ந்துகொள்வாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான குளிர்காலம் வேறில்லை.

மார்ச்சில், வேலையைத் தள்ளிப்போட என்னிடம் இருந்த சாக்குகள் தீர்ந்துவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாகக் காய்ச்சினோம். சாறு தளதளவென்று கொதிக்கும்போது வெண்டல் சொன்னான்: "ஏப்ரல் பொறந்ததும் கிளம்பறோம் மாமா. லாரிக்குச் சொல்லியாச்சு. இந்த செட்டப்ப நீங்களே வச்சுக்கங்க."

ஹோஸ் தானாகக் கழன்றது என்று உங்கள் ஆட்களிடம் முதலில் சொன்னேன். நேற்று, அந்தச் செய்தியைக் கேட்டுக் கை தடுமாறிவிட்டது என்றேன். இரண்டும் சரியில்லை. அன்று காலை அவர்கள் சர்ச்சுக்குப் போயிருந்தபோதே கிளாம்பைத் தளர்த்தி வைத்திருந்தேன்.

"வெண்டல், அந்த ஹோஸ்ல காத்து அடைச்சிருக்கான்னு குனிஞ்சு பாரு," என்றேன். குனிந்தான். சுவிட்சைப் போட்டேன்.

தண்ணீராக இருந்தால் வழிந்து போயிருக்கும். மால்ட் சாறு பாகு மாதிரி. பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு வேகவைக்கும். முகத்திலும் கழுத்திலும் பாய்ந்தது. பன்றி அறுக்கும் நாளில் மட்டுமே அப்படிப்பட்ட சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். நான் பம்பை நிறுத்தினேன். கண் திறக்க முடியாமல் சுவரைத் தடவியபடி என் பக்கமாக வந்தான்.

"மாமா, தண்ணி... தண்ணி ஊத்துங்க மாமா."

கையுறையை மாட்டிக்கொண்டு, துள்ளி விழுந்து கிடந்த ஹோஸை எடுத்து, அவன் பக்கம் திருப்பி, மறுபடி சுவிட்சைப் போட்டேன். அண்டா காலியாகும்வரை ஓடியது. பம்பைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

கோரின் ஓடிவந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அவனைக் கட்டிப் பிடித்து, ஒட்டியிருந்த சட்டையை உரித்தாள். சட்டையோடு தோலும் வந்தது. அவள் இரண்டு உள்ளங்கைகளும் வெந்துபோயின. அவளைச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் குழாயடியில் கைகளைப் பிடித்தேன். உதைத்தாள், என் தோளைக் கடித்தாள். நான் விடவில்லை. கொப்புளம் உடையாமல் சுத்தமான துணியைச் சுற்றியபிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் அலறல் கேட்டதற்கும் நான் போன் செய்ததற்கும் நடுவே ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டீர்களே, அந்த நேரம் இதற்குத்தான் போனது. கராஜில் வெண்டலின் சத்தம் அதற்குள் நின்றிருந்தது.

ஆக, நான்தான் கொன்றேன். எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வலி மருந்து கொடுத்திருக்கிறார்கள், மயக்கமாகத்தான் இருக்கும். கை ஆற மாதக்கணக்காகும் என்றார் டாக்டர். பீனிக்ஸ் பேச்சையே இனி யாரும் எடுக்கமாட்டார்கள்.

இங்கே இன்னும் எவ்வளவு நேரமாகும், மேடம்? நான் வீட்டுக்குப் போக வேண்டும். அவளால் ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியாது. என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?