பதினோரு முறை விற்ற கேக்

கூடைப்பந்து வளையத்தின் கீழே நாற்காலி போட்டு, மணியடிக்காமலே நம்மை மௌனமாக்கித் தலைமை தாங்கும் மேயர் லொரேன் ஃபைஃபர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் முழங்கால் வலியோடும் முணுமுணுப்போடும் வீற்றிருக்கும் முதியோர்களே, மடியில் மழலையும் மனத்தில் மாதச் செலவுமாக வந்திருக்கும் தாய்மார்களே, பச்சை பிடித்த கோதுமையைப் பார்த்துவிட்டு மழைக்கு வானத்தைப் பார்க்கும் உழவர் பெருமக்களே, "நான் அந்தக் கூட்டத்துக்கெல்லாம் போக மாட்டேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து வாசலோரம் நிற்கும் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் கஸ் வைகலின் வணக்கம்.

என் தொண்டை உங்களுக்குத் தெரியும். வியாழக்கிழமை தோறும் மாட்டுச் சந்தையில் ஏலம் கூவும் தொண்டை. இன்று அது எதையும் விற்க வரவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை வாக்குச்சீட்டில் நீங்கள் 'ஆம்' என்று குறிக்க வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறது.

என்ன கேட்கிறார்கள் நம்மை? இந்த பெல்மோர் ஊரில் விற்கும் பொருளுக்கு விற்பனை வரி அரை சதவீதம் கூடும். நூறு டாலருக்குச் சாமான் வாங்கினால் அரை டாலர். பத்தாண்டுக்கு மட்டும். அதில் ஒரு புது ஆம்புலன்ஸ், இரவும் பகலும் அதில் சம்பளத்துக்கு இருக்க ஆட்கள். மிஞ்சுவதில் நான்கு கோடையாக வறண்டு கிடக்கும் நீச்சல் குளமும், பள்ளிக்கூடத் தெருவின் விளக்குகளும்.

என்ன டெல்பர்ட், கையைத் தூக்குகிறாய்? சத்தமாகச் சொல்.

"வரிய ஏத்துனா நான் நாப்பது மைல் தள்ளிப் போயி பெரிய கடையில வாங்கிக்குவேன்ப்பா."

போ, தாராளமாகப் போ. ஆனால் அந்த ஊரில் வரி எவ்வளவு என்று ரசீதைப் பார்த்திருக்கிறாயா? நம்மைவிட அதிகம். நீ வாங்கிய சோப்பும் சட்டையும் சேர்ந்து அவர்கள் குளத்தில் தண்ணீர் நிரப்பியிருக்கின்றன. அவர்கள் பிள்ளைகள் உன் காசில் நீந்துகிறார்கள், உன் பேரப்பிள்ளைகள் மாட்டுத் தொட்டியில் குளிக்கிறார்கள். சிரியுங்கள், சிரியுங்கள். நானும் அங்கேதான் செருப்பு வாங்கினேன்.

பெரியோர்களே, கடந்த நவம்பரில் இதே வரியை நாம் ஒன்பது வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தோம். அடுத்த சனிக்கிழமை என்ன செய்தோம்? ஆம்புலன்ஸைப் பழுதுபார்க்க இதே கூடத்தில் கேக் ஏலம் நடத்தினோம். 'இல்லை' என்று வாக்களித்த கை அத்தனையும் அன்று ஏலம் கேட்க உயர்ந்தது. கல்நெஞ்சக்காரர்களா நாம்? இல்லையே. கொடுக்கத் தெரிந்தவர்கள்தான், சேர்ந்து கொடுக்கத்தான் தெரியவில்லை.

நம் வழக்கம் தெரிந்ததுதானே? கேக்கை ஒருவர் வாங்குவார், "திரும்ப வில்லு கஸ்" என்று மேசைக்கே அனுப்புவார். அடுத்தவர் வாங்குவார், அவரும் அனுப்புவார். இர்மா டிரைலிங் செய்த கசகசா கேக்கை அன்று பதினோரு முறை விற்றேன். பதினோராவது முறை வாங்கியவர் யார்? அவள் கணவர் விர்ஜில். இருபத்திரண்டு வருடமாக அவர்தான் கடைசி ஆள். தன் மனைவி தன் வீட்டு அடுப்பில் செய்த கேக்கை முந்நூறு டாலர் கொடுத்து வாங்கி வீட்டுக்கே கொண்டுபோகும் மனிதர் இந்தக் கான்சாஸில் வேறு எங்கே உண்டு?

அன்று அவரிடம் கேட்டேன். "ஏன்யா, அரை டாலர் வரிக்கு வாசல்ல 'வேண்டாம்'னு பலக நட்ட. இப்ப முந்நூறு குடுக்கற?"

"இது நானா குடுக்கறதுடா. அது அவன் புடுங்கறது" என்றார்.

கை தட்டினேன் நான். ஆமாம், நானேதான். அந்த ஒன்பதில் ஒரு வாக்கு என்னுடையது. என் ஏலச் சுத்தியல் இருக்கையில் இந்த ஊருக்கு வரி எதற்கு என்ற வீண் பெருமை எனக்கு. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் இறங்கினால் இன்னும் வெட்கம்.

ஜனவரி பனியில் ஒரு காலை. இர்மா சமையலறையில் விழுந்தாள். பக்கவாதம். விர்ஜில் போன் செய்தார். நாம் பழுதுபார்த்த வண்டி மூன்றாவது முறையாகப் படுத்து, கொட்டகையில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. சம்பளமில்லாமல் ஆம்புலன்ஸில் போகும் தொண்டர் கோனி தன் சொந்த வண்டியில் ஓடினாள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள முடிந்தது, வேறு என்ன முடியும்? அடுத்த மாவட்டத்து ஆம்புலன்ஸ் வர ஐம்பத்திரண்டு நிமிடம். இர்மா பிழைத்தாள். இடது கை பிழைக்கவில்லை. சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் அதையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார் மருத்துவர்.

அடுத்த வியாழன் சந்தைக்கு விர்ஜில் வந்தார். மாடு வாங்க வரவில்லை. என் மேடைக்குப் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கஸ், அந்த கேக்க பதினோரு தடவ வித்தியேடா" என்றார். "வண்டி ஒரு தடவகூட வரலயே."



யோசித்துப் பாருங்கள். அந்தப் பதினோரு முறையும் வாங்கியது யார்? அதே ஆறு பேர். இளகிய மனம்தான் இந்த ஊரில் இதுவரை வரி கட்டியிருக்கிறது. நவம்பரில் காட்டுக்கோழி சுட வெளியூரிலிருந்து நானூறு பேர் வருகிறார்களே, நம் காட்டில் சுட்டு, நம் ஓட்டலில் தின்று, நம் மோட்டலில் தூங்கி, அவர்களில் ஒருவனுக்குக் காலில் குண்டு பட்டால் நம் வண்டியைத்தானே கூப்பிடுகிறான்? நெடுஞ்சாலை லாரிக்காரர் நெஞ்சைப் பிடித்தால் நம் கோனிதானே ஓடுகிறாள்? அவர்கள் ஒருநாளாவது நம் கேக் வாங்கியதுண்டா? காபிக்குக் காசு கொடுக்கும்போது அவர்களும் கொடுக்கட்டும். நானும் கொடுக்கிறேன். கஞ்சத்தனத்துக்குப் பேர் போன என் மைத்துனனும் கொடுக்கட்டும்; வேறு எப்படியும் அவனிடம் வாங்க முடியாது.

யாரது பின்னால்? "விர்ஜில் என்ன சொல்றாரு?" என்கிறீர்களா? அதோ, அவரே எழுந்திருக்கிறார்.

"எனக்கு வரி புடிக்காது. இப்பவும் புடிக்கல. செவ்வாக்கெழம 'ஆம்'னு போடுவேன். அவ்வளவுதான், உக்காரணும், முட்டி வலிக்குது."

இதற்கு மேல் நான் என்ன பேச? கேட்டீர்களா, பிடிக்காமலே போடுகிறார். பிடித்துப் போடுங்கள், பிடிக்காமல் போடுங்கள், போடுங்கள். மழையென்றாலும் போடுங்கள், மாடு கன்று போடுகிறதென்றாலும் வந்து போட்டுவிட்டுப் போங்கள். மறுபடி ஒன்பது வாக்கில் தோற்க நான் விடப்போவதில்லை. செவ்வாயன்று விடிந்ததிலிருந்து நான் மாடு ஏற்றும் லாரியை ஓட்டி வீடு வீடாக வந்து கூப்பிடுவேன், நாற்றம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இந்த மேசைமேல் துணி மூடியிருப்பது என்ன என்று ரொம்ப நேரமாகப் பார்க்கிறீர்கள். இர்மாவின் கசகசா கேக். ஒற்றைக் கையால் கிண்டியது. பாத்திரம் நகராமல் பிடித்துக்கொண்டவர் விர்ஜில். ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கிறது, யாரும் குறை சொல்லக் கூடாது.

"நூறு டாலர்" என்கிறதா பழகிய வாய்? கையை இறக்கு, டெல்பர்ட். இன்று ஏலம் இல்லை. மேயர் அம்மா, அந்தக் கத்தியை இப்படிக் கொடுங்கள். இருபத்திரண்டு வருடமாக இதை விற்றிருக்கிறேன், விர்ஜிலைத் தவிர இந்த ஊரில் ஒருவர்கூட ருசித்ததில்லை. ஆளுக்குச் சிறு துண்டுதான் வரும். ஆனால் எல்லோருக்கும் வரும்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், இடம் தந்த பள்ளிக்கும், பேசச் சொன்ன விர்ஜிலுக்கும், மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் இர்மாவுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம். முதல் துண்டு கோனிக்கு.