கரைக்குத் திரும்புங்க

இல்லீங்க, நீங்க நெனைக்கிற கம்ப்யூட்டர் வேலை இல்ல, இது வேற. தஞ்சாவூர்ல சின்னக் கம்பெனி. மீன்புடி போட்டுல வைக்கிற பெட்டிக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர் செய்யறோம். கடல்ல காத்து வரப்போவுதுன்னா பெட்டி சத்தமா பேசும், திரும்பச் சொல்லி.

எப்படின்னா… உள்ள சின்னதா லினக்ஸ்னு ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருக்கு. அதுக்கு வேண்டிய ஃபைலெல்லாம் ஒரே கட்டா ரெடிமேடா வந்துடும், ரூட் ஃபைல்சிஸ்டம்பாங்க. நமக்கு எதாச்சும் மாத்தணும்னா, ஓவர்லேன்னு தனி ஃபோல்டர்ல, அதே எடத்துல, அதே பேர்ல நம்ம ஃபைலப் போட்டுடணும். எல்லாத்தையும் ஒண்ணா சேத்துக் கட்டுறத பில்டும்போம், அது முடியறப்ப நம்மளது மேல போய் உக்காந்துக்கும். நேரா பெட்டியில கைய வச்சோம்னா, அடுத்த தடவ புதுசு ஏத்துறப்ப எல்லாம் போயிடும்.

ரெடிமேடா வந்தது ஒரு பொம்பள குரல், இங்கிலீஷ்ல. கடல்ல யாருங்க அத கேப்பா? என் வீட்டுக்காரி அபிநயாவுக்கும் அதே ஆபீஸ்தான், பூம்புகார்ப் பொண்ணு. அவ தம்பி ரஞ்சித்தப் பேசச் சொல்லி, போன்ல பதிஞ்சு வந்து பெட்டியில போட்டா. காத்து வருது, கரைக்குத் திரும்புங்க. அவ்ளோதான். அவனும் ஃபைபர் போட்டுல போறவன். கரையிலதான் ஒன் தொல்லைன்னா கடல்லயுமாடான்னு ஊரே கிண்டல் பண்ணும்.

போன ஐப்பசியில திடீர்னு காத்து தூக்கிடுச்சு. அவன் குரலக் கேட்டு மத்த போட்டெல்லாம் கரை சேந்துடுச்சு. அவனும் திரும்பிக்கிட்டுதாங்க இருந்தான். முகத்துவாரத்துக்கிட்ட வந்து அலை பொரட்டிடுச்சு. போட்டு கெடைச்சுது.

ம். அவன் கெடைக்கல.

அதுக்கப்பறமும் பெட்டி பேசுமில்ல. கரையில சுவிட்சப் போட்டு சோதிக்கிறப்பல்லாம் அவன் குரல். என் மாமியாரு காளியம்மா, மீன் கூடைய அப்படியே போட்டுட்டு ஓடுவாங்க. எந்தப் போட்டு, எந்தப் போட்டுன்னு ஒவ்வொண்ணா எட்டிப் பாப்பாங்க. பாக்க முடியல, மாத்திடும்மான்னு ஊர்ப் பெரியவங்க அபிநயாகிட்ட கையெடுத்துக் கும்பிட்டாங்க.

மாத்தறது பெரிய வேலையே இல்லீங்க. ஆபீஸ்ல உபைதுல்லான்னு ஒரு தம்பி, அவரு பேசிக் குடுத்தாரு. அந்த ஃபைல அதே பேர்ல போட்டா முடிஞ்சுது. அபிநயா ஃபோல்டரத் தொறந்து வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தா. என் தம்பிய நானே எப்படிங்க அழிப்பேன்னா. மவுஸ வாங்கி நாந்தான் மாத்துனேன்.

எல்லாப் போட்டுக்கும் ஏத்தியாச்சு. மாமியாரு ஓடறது நின்னுச்சு. நல்லதுன்னு நெனச்சோம். அப்பறம் பேச்சு நின்னுச்சு. சோறும் எறங்கல. அவன் குரல்தான் இருக்கேன்னு போன்ல போட்டுக் காட்டுனோம். அது பழசு, போட்டுல பேசுனதுதான் எம்புள்ளங்கிறாங்க. போன வாரம் போனப்ப எங்கிட்ட கோவப்படக்கூட இல்ல. கடல் எடுத்துக்கிட்டது பத்தாதா மாப்ள, நீங்களும் எடுத்துக்கணுமான்னு கேட்டாங்க.

அதான் இப்ப பூம்புகாருக்கு பஸ் ஏறியிருக்கேன்.

இந்தப் பையா? ஆமாங்க, அந்தப் பெட்டிதான். இல்ல இல்ல, இது எந்தப் போட்டுக்கும் இல்ல. அவன் குரலத் திரும்ப வச்சு இது ஒண்ணுக்கு மட்டும் தனியா பில்டு பண்ணேன். அத்தை வீட்டுல வைக்கத்தான். பெரிய பட்டனா ஒண்ணு மாட்டியிருக்கேன், தடவிப் பாத்து அமுக்கற மாதிரி. அழுது அழுது அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்லீங்க.