ஊர்ல மழை பெய்யுதா?

நல்லாருந்துச்சா? அவ்ளோதானா ஆனந்தவள்ளி? எதுத்த வீட்டுக்குப் புதுசா வந்திருக்காங்களேன்னு ஆசையா எடுத்துக் குடுத்தேன்... கொழம்புல உப்பு சரியா இருக்குங்கிற மாதிரி சொல்லிட்டு புக்க நீட்டுறீங்க.

இருங்க, ஒரு நிமிஷம். அந்த மொதக் கதை... விண்வெளிக் கப்பல்ல ஒரே ஒரு வயசானவரு, அவரப் பாத்துக்க ஒரு மெஷின். அதுக்குப் பொய் சொல்லவே வராது, அப்படித்தான் செஞ்சிருக்காங்க. உசுரு போற நேரத்துல அவரு கேக்குறாரு, "எங்க ஊர்ல இப்ப மழை பெய்யுதா?"ன்னு. ஊரே இல்லங்க. பூமியே போயி எத்தனையோ காலமாச்சு, அது மெஷினுக்கு மட்டுந்தான் தெரியும். என்ன சொல்லும், சொல்லுங்க? ராக்கெட்டு, லேசர்னு எழுத எவ்வளவோ பேரு இருக்காங்க. ஒரு மெஷினு சங்கடப்படுறத எழுத இந்த ரோசரியாலதான் முடியும். அன்னிக்குப் படிக்கிறப்ப அடுப்புல பால் பொங்கி வழியுது, நான் பாட்டுக்கு அழுதுக்கிட்டிருக்கேன்.

எங்க வீட்டுக்காரரு ரெஜிஸுக்கு கிரிக்கெட் போதும். அவரு தங்கச்சி செல்வமேரி, லால்குடி ரயில்ல படிச்சேன், சூப்பர் அண்ணின்னா. என்ன சூப்பர்னு கேட்டா... அட்டைப்படமாம். பாலக்கரை டெல்பின் டீச்சர்தான் ரொம்ப மோசம். முடிவ வாசகர்கிட்டயே விட்டுட்டாரு ரோசரி, என்னா தத்துவம்னாங்க. அந்த மனுஷன் எங்கங்க விட்டாரு? அழகா எழுதித்தான் வச்சிருக்காரு. அந்தக் கதையோட கடைசிப் பக்கத்த பிளேடு வச்சு எடுத்தது நானு!

அப்படிப் பாக்காதீங்க. மெஷினு என்னதான் சொல்லுச்சுன்னு யாராவது பதறிக்கிட்டு வந்து கதவத் தட்டுவாங்க, உக்காரவச்சுக் காபி குடுத்து அந்தப் பக்கத்தப் படிச்சுக் காட்டலாம், அதப் பத்தி ரெண்டு வார்த்தை பேசலாம்னு ஒரு நப்பாசை. எனக்கு இதெல்லாம் பேச ஆளே இல்லங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் வரல...

என்ன, இப்பப் பொரட்டுறீங்க? பக்கம் இல்லங்கிறதே இப்பதான் தெரியுதா? அட... அப்ப நீங்களும் படிக்கல. நல்லாருந்துச்சுன்னு எவ்ளோ கூசாம சொன்னீங்க. சிரிக்காதீங்க.

எங்க கெளம்பிட்டீங்க? காபி... புக்கையும் எடுத்துக்கிட்டா? சரி சரி, போய்ப் படிச்சிட்டு வாங்க. பக்கம் ஃப்ரிட்ஜ் மேலதான் இருக்கு. கதவ நான் பூட்டல.