எட்டுக்குப் பதில் நான்கு

குடிலுக்கு வைக்கோல் கிடைப்பதுதான் சிங்கப்பூரில் பெரும்பாடு, சார். தேக்கா மார்க்கெட்டில் பழக்கடைக்காரர்களிடம் போய்ப் பல்லைக் காட்டினால், கூடையில் அடைத்து வந்ததை உதறித் தருவார்கள். பெர்னார்ட் அதையும் பூச்சி பார்த்து வெயிலில் காயவைப்பார். அவ்வளவு சுத்தம் பார்க்கிற மனிதர். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அவர்மீது எனக்குக் கோபம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

நாற்காலி வேண்டாம், நின்றபடியே சொல்கிறேன். பதின்மூன்று நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. விரல் தானாக எதையாவது தட்டிக்கொண்டே இருக்கிறது. தொந்தரவாக இருந்தால் சொல்லுங்கள்.

என் பெயர் சூசைநாதன். டிவி ரிப்பேர் செய்வது தொழில். தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கோயில் பங்கு மக்கள் சேர்ந்து வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் குடில் வைப்போம். விளக்குகள் பெர்னார்டின் பொறுப்பு. ஒரு பலகையில் பன்னிரண்டு சுவிட்சுகளைப் பதித்து, பாட்டைக் கேட்டபடி ஆர்மோனியம் வாசிப்பதுபோல் தட்டுவார். எங்கள் பாடகர் குழுவே எழுதிய தாலாட்டு ஒன்று உண்டு. அதில் ‘கண்ணுறங்கு’ என்ற சொல் வந்ததும் எல்லா விளக்கும் அணைந்துவிடும். பாலன் இயேசு தூங்குகிறாராம். எட்டு எண்ணும்வரை பாட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. எட்டு முடிந்ததும் மொத்தமும் ஒரே சமயத்தில் எரியும். அதைப் பார்க்கவே பக்கத்து புளோக்குகளிலிருந்து கூட்டம் வரும்.

அந்த எட்டுக்குள் பெர்னார்ட் இன்னொரு வேலையும் செய்வார். ஃபியூஸ் போன பல்பு கண்ணில் பட்டிருந்தால், இருட்டோடு இருட்டாகக் கழற்றி வேறு மாட்டிவிடுவார். “பாலன் முழிக்கிறதுக்குள்ள முடிச்சிடணும் லா” என்பார். குடிலை நெருங்கும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். நாங்கள் எல்லாருமே அப்படித்தான். பீடத்துக்குப் பக்கத்தில் செருப்புக் காலோடு யார் போவார்கள்?

எண்பத்திரண்டு கிறிஸ்துமஸுக்கு நான் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வாங்கினேன். டிவியோடு இணைப்பது. சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் ரிலே சுவிட்சுகளைத் தேடிப் பிடித்து, எந்த விளக்கு எந்த நொடியில் எரிய வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதிவைத்தேன். பாட்டைக் கேசட்டில் பதிவு செய்திருந்தோம். அன்றைக்குப் பார்த்து டேப் மெதுவாக ஓடிவிட்டது. ‘கண்ணுறங்கு’ வருவதற்கு முன்பே விளக்கெல்லாம் அணைந்தது. சனம் சிரித்தது. பெர்னார்ட் வயரைப் பிடுங்கித் தன் பலகையில் சொருகி, மிச்சப் பாட்டைக் கையாலேயே முடித்தார். அப்படி ஒரு கைதட்டல். பிறகு என் தோளில் கை போட்டு, “விடு சூசை, மெஷினுக்குக் காது இல்ல லா. அது என்ன செய்யும் பாவம்?” என்றார்.

வீட்டில் அருள்ஜோதியும் அதையே சொல்லிச் சிரித்தாள். என் மனைவிதான், சிரிக்கட்டும், தப்பில்லை. ஆனால் அதற்கப்புறம் ஒரு வருஷம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை.

காது இல்லை என்றால் காது வைப்பதுதானே முறை? ஸ்டீரியோ கேசட்டில் இடது தடத்தில் பாட்டு, வலது தடத்தில் தாளத்துக்கு ஒரு ‘டிக்’. அந்த டிக்கைக் கம்ப்யூட்டர் கேட்கும். டேப் எப்படி ஓடினாலும் அதுவும் கூடவே ஓடும். இந்தக் கிறிஸ்துமஸுக்கு, ஒன்பது நாள் நவநாளின் முதல் எட்டு மாலையும் ஓர் எண் பிசகவில்லை. ஆனால் குடில் கமிட்டித் தலைவர் அந்தோனி என்ன செய்தார் தெரியுமா? “எதுக்கும் பெர்னார்டு பக்கத்துல நிக்கட்டும். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுச்சுன்னா கையால போட்டுக்கலாம்” என்றார். எட்டு நாளும் பெர்னார்ட் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். ஆனால் சனம் போகும்போது அவர் கையைத்தான் குலுக்கிவிட்டுப் போனது. “நீங்க நின்னதால தைரியமா இருந்துச்சு” என்று என் காதுபடவே சொன்னார்கள்.

மெஷினுக்குப் பக்கத்தில் ஆளை நிறுத்தினால், அது நூறு முறை சரியாகச் செய்தாலும் பேர் ஆளுக்குத்தான். அவர் அங்கே நிற்கக் கூடாது. நியாயமாக யோசித்தால் உங்களுக்கே புரியும்.

இருபத்து நான்காம் தேதி பிற்பகல் நல்ல மழை. கீழ்த்தளமெல்லாம் சாரல். துடைக்கும் துணி என் கையில்தான் இருந்தது. துடைக்கவில்லை. உச்சியில் இருக்கும் நட்சத்திரத்தில் ஃபியூஸ் போன பல்பை மாட்டினேன். அதன் ஹோல்டரின் மூடி உடைந்து, கரண்ட் ஓடும் பித்தளை வெளியே தெரிந்தது. புதிது வாங்கி வருவதாகப் பெர்னார்டிடம் சொல்லியிருந்தேன், வாங்கவில்லை. பிறகு வீட்டுக்குப் போய் ஒரே ஓர் எண்ணை மாற்றினேன். எட்டு இருந்த இடத்தில் நான்கு.

மாலை ஏழு மணிக்குப் பாட்டு தொடங்கியது. நட்சத்திரம் எரியவில்லை என்பதை அவர் உடனே பார்த்துவிட்டார். சட்டைப்பையில் புதுப் பல்பு தயார். ‘கண்ணுறங்கு.’ எல்லாம் அணைந்தது. நான் எண்ணினேன். ஒன்று, செருப்புக் கழன்ற சத்தம். இரண்டு, இரும்பு முக்காலியில் ஏறினார். மூன்று, பழைய பல்பு வைக்கோலில் விழுந்தது. நான்கு.

விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் எரிந்தன, நட்சத்திரத்தைத் தவிர. சனம் கை தட்டியது. பெர்னார்டின் மனைவி பிரிஜட் அலறும்வரை தட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

போலீஸில் நீங்கள் விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் அந்தோனி கம்ப்யூட்டரைக் குப்பையில் போடச் சொல்கிறார். நேற்று பிரிஜட் எங்கள் வீட்டுக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நீங்க என்ன செய்வீங்கண்ணே, மெஷின் தப்பு பண்ணிடுச்சு” என்று அழுதார். ராத்திரி முழுக்க நடந்துகொண்டே இருந்தேன்.

அதனால்தான் விடிந்ததும் வந்தேன். பெர்னார்டைக் கொன்றது நான், சார். மெஷின் தப்பு பண்ணவில்லை. நான்கு என்று எழுதினேன், நான்கில் எரிந்தது, இம்மி பிசகவில்லை. யாராவது போய் இதைப் பிரிஜட்டிடம் சொல்லிவிடுங்கள். பாவம், கேட்டால் அவருக்கும் மனசு ஆறும்.