எர்சிலியாவின் கார் நிற்கும் திருப்பம்

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால்… சிலியின் கடலோர ஊர் தால்தாலிலிருந்து பாலைவனத்துக்கு ஏறும் மலைச்சாலை. கடல் பனி ரோட்டின் மேலேயே படுத்திருக்கிறது. உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும். சுற்றிலும் ஒரு நாய்கூட இல்லை.

நம் கூட்டாளி ஒஸ்வால்டோ சொன்னது இது. அவனுடைய அத்தை எர்சிலியாவுக்கு நடந்தது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் வேண்டாம்.

எர்சிலியாவுக்கு ஒரே பிள்ளை, யெர்கோ. அந்தச் சாலையில் ஒரு திருப்பத்தில், இதே மாதிரிப் பனியில், லாரி அடித்துச் செத்தான். அவனுடைய கார் ஓரமாக நின்றிருந்தது. கீறல்கூட இல்லை. எஞ்சினை நிறுத்தி, விளக்கையும் அணைத்துவிட்டு, அவனே இறங்கிப்போய் நடுரோட்டில் நின்றிருக்கிறான் என்று போலீஸ் சொன்னது. ஊர் வாயைக் கேட்க வேண்டுமா? வேண்டுமென்றே போய் நின்றான் என்று பேசியது.

எர்சிலியா ஒப்புக்கொள்ளவில்லை. எஞ்சின் கோளாறு, வண்டி நின்றுவிட்டது, என் பிள்ளை உதவிக்குக் கைகாட்டத்தான் போனான் என்றாள்.

ரோட்டில் செத்தவனுக்கு அந்த இடத்திலேயே ஒரு குட்டி வீடு கட்டி மெழுகுவத்தி ஏற்றுவோமே, உயிர் வந்து ஒதுங்கட்டும் என்று… அதையும் அவள் கட்டவில்லை. முதலில் வண்டியில் கோளாறு என்று கம்பெனிக்காரன் சொல்லட்டும், அப்புறம் கட்டுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள். ஒதுங்க இடமில்லாமல் அந்த உயிர் எங்கே போகும் என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. கேட்கத் தைரியமும் இல்லை.

மகனுடைய காரை அவளே ஓட்டினாள். அந்தத் திருப்பம் வந்தால்… எஞ்சின் நின்றுவிடும். மற்ற இடத்தில் தங்கமாக ஓடும்.

அந்தோஃபகாஸ்தா நகரத்தில் வண்டி வாங்கிய ஷோரூமுக்குப் போனாள். கோளாறு காட்டும் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டினார்கள். கோளாறு இல்லை, எங்கள் கண்முன்னே நின்றால்தான் பார்க்க முடியும் என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் விடவில்லை. ஃபிளாஸ்கில் தேநீரோடு போய், புதுக்கார்களுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். வாங்க வந்தவர்களிடம் கதையைச் சொல்வாள். பாவம், மேனேஜருக்குத் தூக்கமே போனது.

கடைசியில் ரெனான் என்ற மெக்கானிக், தால்தாலில் பெண் எடுத்தவன், லீவில் வந்தபோது கூடப் போக ஒப்புக்கொண்டான்.

விடியற்காலை கிளம்பினார்கள். ரெனான் பக்கத்து சீட்டில், மடியில் கருவி. அவளுடைய இரண்டு கையும் ஸ்டீரிங்கில். பனிக்குள் திருப்பம் வந்தது. காருக்குள் திடீரென்று யெர்கோவின் சவர சோப்பு வாசம்…

டிக்.

சாவி திரும்பியதை ரெனான் கண்ணால் பார்த்தான். மெதுவாக, யாரோ யோசித்து யோசித்துத் திருப்புகிற மாதிரி. எஞ்சின் அடங்கியது. அடுத்து விளக்கின் குமிழ்… டிக். வெளியே இருட்டு.

ரெனான் கருவியைப் பார்த்தான். எஞ்சினில் கோளாறு எதுவும் இல்லை. சாவியால் நிறுத்தப்பட்டது, அவ்வளவுதான்.

"விளக்கும்… ஒவ்வொரு தடவையும் அணையுமாம்மா?"

"ஆமா."

"எங்ககிட்ட அதைச் சொல்லவே இல்லியே நீங்க?"

எர்சிலியா சாவியையே பார்த்தபடி கேட்டாள். "சாவியத் திருப்பி விளக்கையும் அணைக்கிற எஞ்சின் கோளாறு எங்கயாச்சும் உண்டா, தம்பி?"

ரெனானுக்கு மனசு கேட்கவில்லை. பெட்ரோல் பம்ப் பழுது என்று கம்பெனி பேரில் எழுதித் தருகிறேன், ஊர் வாயை அடைக்கலாம் என்றான். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். பின் சீட்டுப் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"போதும்ப்பா. நீயாத்தான் எறங்குனே. அம்மாவுக்குப் புரிஞ்சிருச்சு."

பின் கதவு திறந்தது. குளிர் உள்ளே வந்தது. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது, தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது என்பது போல. அப்புறம் சாவி தானாகத் திரும்பி எஞ்சின் ஓட ஆரம்பித்தது.

அந்த வாரமே அவள் திருப்பத்தில் அந்தக் குட்டி வீட்டைக் கட்டினாள். தகரக் கூரை, நீலப் பூச்சு, உள்ளே அவன் போட்டோ.

அதற்குப் பிறகு வண்டி அங்கே நிற்கவே இல்லை. ஊருக்கே நிம்மதியாயிற்று. எர்சிலியா மட்டும் தினமும் விடியற்காலையில் அந்தத் திருப்பத்தில் போவாள், வருவாள், மறுபடி போவாள். எஞ்சின் சுகமாக ஓடிக்கொண்டிருக்கும்.

போன மாதம் அவள் மறுபடி ஷோரூமுக்குப் போனாளாம். கையில் ஃபிளாஸ்க் இல்லை. நேராக ரெனானிடம் போய்ச் சாவியை நீட்டினாள்.

"அந்தத் திருப்பத்துல இப்ப வண்டி நிக்க மாட்டேங்குது, தம்பி. முன்ன மாதிரி ஆக்கிக் குடுத்துரு."